தூசி இல்லாத அறை

அவனை எல்லோரும் மூக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் வருவதற்கு முன்னால் மூக்கு வந்துவிடும். அந்த மூக்கின் நுனியில் எந்நேரமும் கோபம் தயாராக உட்கார்ந்திருக்கும். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் அவன்தான் பெரிய கை. பெயிண்ட் காய்ந்துகொண்டிருக்கும்போது யாராவது பக்கத்தில் நின்று தும்மினால் போதும், தும்மியவனின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவான். இவ்வளவு பெரிய மூக்கை வைத்துக்கொண்டு அவனுக்கு வாசனை மட்டும் தெரியாது.

அரும்பு மீசைகூட வராத வயதில் உப்புத்தாள் தேய்க்கப் பட்டறைக்குள் போனவன். முகமூடி போட்டுக்கொண்டு ஸ்பிரே அடிப்பவனை மற்றவர்கள் கேலி செய்த காலம் அது. பெயிண்டில் கலக்கும் தின்னரையும் பெயிண்டையும் வருஷக்கணக்கில் சோறு மாதிரி உள்ளே இழுத்தான். முதலில் சோப்பு வாசனை போனது, அப்புறம் பெட்ரோல் வாசனை. ஒருநாள் வீட்டில் பால் பொங்கிக் கருகியபோது புகையைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அதற்காக அவன் வருத்தப்படவில்லை. சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்துகூட நிம்மதியாகச் சாப்பிடலாம், மூக்குள்ளவனுக்குத்தான் தொந்தரவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

தொழிலில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெயிலில் வெளுத்த பழைய வண்டிக்குப் புதுக் கதவு போட்டால், எது பழையது எது புதியது என்று சொந்தக்காரனாலேயே கண்டுபிடிக்க முடியாதபடி நிறம் சேர்ப்பான். அவனுடைய ஒரே எதிரி தூசி. ஈரப் பெயிண்டின்மேல் ஒரு தூசி விழுந்தாலும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதனால் பட்டறையின் பின்பக்கம் வண்டியைக் காயவைக்க ஓர் அறை இருந்தது. பூத் என்பார்கள். கதவைச் சாத்தினால் ஈ நுழையாது. உள்ளே வெப்ப விளக்குகள் எரியும். உலகத்திலேயே சுத்தமான இடம் எது என்று மூக்கனைக் கேட்டால் யோசிக்காமல் அந்தப் பூத்தைத்தான் சொல்வான்.

அவன் மனைவி யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத பெண். அவளுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு ஓர் அக்கா இருந்தாள். அப்பா அம்மா இல்லாத தங்கையைத் தையல் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து வளர்த்தவள். பெண் பார்க்க வந்த அன்றே அக்காக்காரி முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்தாலே தலை சுற்றுகிறது என்று உள்ளே போய்ச் சொன்னாள். சொன்னது கூடத்துக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். கல்யாணம் எப்படியோ நடந்தது. ஆனால் அந்த முந்தானையை மூக்கன் மன்னிக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்ததும் தங்கைக்குத் துணையாக அக்காக்காரி பெட்டியோடு வந்து இறங்கினாள். இரண்டே அறை உள்ள மாடி வீடு. அதில் கீரியும் பாம்பும் ஒன்றாகக் குடியிருந்தால் எப்படி இருக்கும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் குழந்தையிடம் சொன்னார்கள். பட்டறையிலிருந்து வந்தவுடன் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உன்னைத் தொட வேண்டும் என்று உங்கப்பாவிடம் சொல்லடி பட்டு என்பாள் அவள். குளித்து முடித்துத் தலைகூடத் துவட்டியாகிவிட்டது, கண் தெரியாவிட்டால் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லடி கண்ணு உங்க பெரியம்மாவை என்பான் இவன். இரண்டு தரப்புத் தூதையும் வாங்கிக்கொண்டு குழந்தை எச்சில் குமிழி விடும். நடுவில் மனைவி பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டு குனிந்தே நிற்பாள்.

மூன்றாவது மாதத்தில் குழந்தைக்குச் சளி பிடித்தது. கடைவீதிக்குப் போய் வந்த பெரியம்மாதான் கொண்டு வந்தாள் என்று அவன் சொன்னான். பட்டறையிலிருந்து அப்பன்தான் கொண்டு வந்தான் என்று அவள் சொன்னாள். யார் கொண்டு வந்தால் என்ன, மூக்கு அடைத்துக்கொண்டது. குழந்தை பாலை இரண்டு முறை உறிஞ்சும், மூச்சு முட்டும், வாயை எடுத்துவிட்டு வீறிடும். பசியும் போகாது, பாலும் இறங்காது. அந்தப் பிஞ்சு முகம் சிவந்து துடித்தது. மூக்கனுக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது, சளியை அடிக்க முடியாதே.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். இந்த வயதுக் குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும், வாயால் விடத் தெரியாது. பால் கொடுப்பதற்கு முன்னால் உப்புநீர்ச் சொட்டை மூக்கில் விட்டு, ரப்பர் குமிழால் சளியை மெல்ல உறிஞ்சி எடுக்க வேண்டும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும். தைலம், பெரியவர்கள் குடிக்கும் இருமல் மருந்து எதுவும் வேண்டாம். மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பாலையே வேண்டாம் என்றாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். ஒரு காருக்கு எத்தனை கோட் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று கேட்பதுபோல மூக்கன் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டான்.

குமிழை அவன்தான் பிடித்தான். ஸ்பிரே கன்னின் விசையை மயிரிழை பிசகாமல் அழுத்திப் பழகிய விரல். குமிழை வெளியிலேயே அமுக்கி, மூக்கில் வைத்து, மெதுவாக விடுவான். சளி வழுக்கிக்கொண்டு வரும். குழந்தை அழுவதற்கு வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அக்காக்காரிக்குக்கூட அந்தக் கையில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் வழக்கம்போல வாடையைக் குறை சொன்னாள்.

சளி நாள்பட்டாலும் குறைந்துகொண்டுதான் வந்தது. அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சளி பிடித்த குழந்தைக்குத் துணி எவ்வளவு ஆகும் என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும். கக்கினால் ஒரு துணி, துடைத்தால் ஒரு துணி, போர்த்த ஒன்று, விரிக்க ஒன்று. அறை முழுக்கக் கொடி கட்டி எல்லாம் சொதசொதவென்று தொங்கின. ஈரக் காற்று குழந்தைக்கு ஆகாது என்று மூக்கன் கத்தினான். சூரியனைக் கூப்பிட்டு வரச் சொல்லடி உங்கப்பனை என்றாள் அவள்.

அவனுக்கு அப்போதுதான் பூத் ஞாபகம் வந்தது. சூடு இருக்கிறது, தூசி இல்லை. காய்ந்த வண்டியை வெளியே எடுத்துவிட்டு, துடைத்த கம்பியில் குழந்தையின் துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டான். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிட்டன. மடித்துப் புதுப் பையில் போட்டு, வெதுவெதுப்பு ஆறுவதற்குள் வீட்டுக்கு ஓடிவந்தான். தன் பிள்ளைக்காக அவன் மட்டும் செய்யக்கூடிய ஒரு காரியம் உலகத்தில் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்த மனைவி, துணியை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

அன்றிலிருந்து ஜன்னல் சண்டை தொடங்கியது. அவன் வெளியே போனதும் அக்காக்காரி ஜன்னலைத் திறந்து வைப்பாள். அவன் வந்து படாரென்று சாத்துவான். சளி பிடித்த பிள்ளைக்குத் தெருக்காற்றும் தூசியுமா என்று குழந்தையிடம் கேட்பான். மூச்சு விட வேண்டாமா என்று அவள் குழந்தையிடம் கேட்பாள். பதில் சொல்ல வேண்டிய குழந்தைக்கு அந்த நேரத்தில் தும்மல் வரும்.

ஒருநாள் கரண்ட் போய்ப் பட்டறையில் வேலை நின்றது. மூக்கன் சீக்கிரம் வீடு திரும்பினான். குளியலறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். காலையில் அவன் காயவைத்துக் கொண்டுவந்த அத்தனை துணியும் வாளியில் சோப்புத் தண்ணீரில் மிதந்தன. அக்காக்காரி கையை முட்டிவரை விட்டு அலசிக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குமேல் கட்டிய கொடியில், நேற்று அவன் கொண்டுவந்தவை ஈரமாகத் தொங்கின. கரி போட்ட இஸ்திரிப் பெட்டி சூடாக நின்றது. வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் செய்த ஒரே நல்ல காரியத்தையும் தண்ணீரில் முக்கிவிட்டாள்.

குழந்தையைக் கூப்பிடக்கூட அவனுக்கு நேரமில்லை. நேராக அவளிடமே கேட்டான்.

"நான் காயவெச்சுக் கொண்டுவந்த துணிய எதுக்கு மறுபடி நனைக்கிறீங்க?"

அவள் நிமிரவில்லை. "நாறுது. அதான்."

"என்ன நாறுது?"

"நீங்க நாறுறீங்க. உங்க பட்டறை நாறுது. இந்தத் துணிய முகத்துக்கிட்ட கொண்டுபோனா எனக்கே கண்ணு எரியுது. பச்சப்புள்ளைக்கு எப்படி இருக்கும்?"

அவள் சொன்னதில் உண்மை முழுவதும் இருந்தது. ஆனால் நீங்க நாறுறீங்க என்ற முதல் வார்த்தையோடு மூக்கனின் காது அடைத்துக்கொண்டது. மீதி எதுவும் உள்ளே போகவில்லை. அவளும் சும்மா சொல்லவில்லை, குத்த வேண்டும் என்றுதான் அந்த வார்த்தையை முன்னால் வைத்தாள். பெண் பார்த்த அன்றிலிருந்து இதே பாட்டுத்தானா என்று அவன் கத்தினான். என் வீட்டில் உட்கார்ந்து என் சோற்றைத் தின்றுகொண்டு என்னையே நாறுகிறேன் என்கிறாயா, இனி இந்த வாசற்படியை மிதிக்காதே என்றான். மரியாதை எல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது.

அக்காக்காரி கையைத் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, இரு அக்கா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தாள். தங்கை மடியில் இருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காக்காரி பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். போகும்போது குழந்தை மூலமாகக்கூட அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வீடு இப்போது மூக்கனுடையது. ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டான். துணிகளைப் பட்டறைக்கும் வீட்டுக்குமாகச் சுமந்தான். மறுபடி அலசுவதற்கு ஆளில்லாததால் எல்லாம் அப்படியே சுடச்சுடக் குழந்தையின் மேல் ஏறின. விரிப்பு அது, போர்வை அது, தலையில் கட்டிய துணியும் அது. தன் சட்டைகளையும் அந்தக் கம்பியிலேயே காயவைத்தான். துணியில் கொஞ்சம் வாடை வருகிறதோ என்று மனைவி ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் பேச்சை விழுங்கிவிட்டாள். அவளுக்கே நிச்சயமில்லை. புருஷனோடு குடித்தனம் பண்ணிப் பண்ணி அந்த வாடை அவளுக்கு வீட்டு வாடை ஆகிவிட்டது. இப்போது வருவது துணியிலிருந்தா, அவனிடமிருந்தா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

குறைந்துகொண்டிருந்த மூக்கடைப்பு திரும்பிக்கொண்டது. குழந்தை பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பியது. மூக்கன் சொட்டு விட்டான், குமிழை வைத்து இழுத்தான். ஒன்றும் வரவில்லை. மூக்குக்குள் சளியே இல்லை, ஆனாலும் அடைத்திருந்தது. அவன் கைக்கு முதல்முறையாக வேலை ஓடவில்லை. திரும்பத் திரும்ப இழுத்ததில் நுனியில் ரத்தம்தான் ஒட்டியது. பிள்ளைக்கு இன்னும் சூடு போதவில்லை போல என்று இன்னொரு துணியைச் சுற்றினான். காலையில் மனைவி குழந்தையின் சட்டையை அவிழ்த்தபோது, மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் விலாவுக்குக் கீழே குழி விழுவதைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ்தான் இருந்தாள். குழந்தையை மேஜையில் கிடத்திச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தவள், சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இங்கே யார் பெயிண்ட் வேலை பார்ப்பது என்று கேட்டாள். மூக்கனுக்கு முகம் கறுத்தது. இங்கேயும் அதே பாட்டா? நான் குளித்துவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று ஆரம்பித்தான்.

"உங்களைச் சொல்லலைங்க," என்றாள் நர்ஸ். "துணியைச் சொல்றேன்."

துணிகள் அத்தனையையும் உருவி வாசலுக்கு வெளியே போட்டாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். சளி சாதாரணச் சளிதான், பாதி ஆறியும்விட்டது, ஆனால் ஏதோ ரசாயனப் புகையை விடாமல் சுவாசித்து மூக்கின் உள்தோல் வீங்கிப்போயிருக்கிறது, மூச்சுக்குப் போராடியே குழந்தை களைத்துவிட்டது என்றார். மூக்கருகில் மெல்லிய குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இனி பால் குடித்தால் கவலையில்லை, குடிக்காவிட்டால் ஊசி வழியாகத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூக்கன் வெளியே வந்து துணியில் ஒன்றை எடுத்தான். முகத்தில் வைத்து அழுத்தி, நெஞ்சு வலிக்கும்வரை மூச்சை இழுத்தான். ஒன்றுமில்லை. தூசி இல்லை, கறை இல்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது. எல்லோரும் சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தான். வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் போய் நீட்டினான்.

"அம்மா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

அவள் சந்தேகத்தோடு குனிந்தாள். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்து இருமினாள். "என்னய்யா இது, பெயிண்ட் டப்பா துடைச்ச துணியா? அந்தப் பக்கம் கொண்டுபோ. குழந்தைங்க இருக்கிற இடம்."

அவளுக்கு அவன் யாரென்று தெரியாது. அவன்மேல் பழைய பகை ஒன்றும் கிடையாது. அதனால்தான் அவள் சொன்னது நேராக உள்ளே இறங்கியது.

உள்ளே மனைவி அழுதுகொண்டிருந்தாள். "அக்கா ஒரு துணியக்கூட அலசாம புள்ளமேல போடலைங்க. எனக்குத் தெரியும். உங்களுக்குப் பயந்துக்கிட்டு வாயை மூடிட்டு இருந்தேன்." மூக்கனுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வந்த கோபத்துக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. குழந்தை பாட்டிலை மறுபடியும் தள்ளியது. அவன் யாரிடமும் சொல்லாமல் தையல் கடைக்கு நடந்தான்.

அக்காக்காரி மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஊசியை நிறுத்தவில்லை. அவன் நின்றான். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னான். ஊசி நின்றது.

"பால் குடிக்குதா?"

"குடிக்கலை."

அவள் எழுந்தாள். அவன் மன்னிப்பு என்று ஏதோ தொடங்கியதும், அதையெல்லாம் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். பக்கத்துச் சந்தில் இருந்த தன் அறைக்குப் போய், துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்துப் பைக்குள் வைத்தாள். பையை வாங்க அவன் கை நீட்டினான்.

"தொடாதீங்க," என்றாள்.

ஆஸ்பத்திரிவரை அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால் நடந்தான். வார்டில் அவள் தங்கையைத் தாண்டி நேராகக் குழாயடிக்குப் போனாள். கையைக் கழுவினாள், குழந்தையைப் புடவைத் துணியில் சுற்றினாள், தலை உயரமாக இருக்கும்படி தோளோடு அணைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நடந்துகொண்டே இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவியாயிற்று. அப்போதுதான் குழந்தை வாயைத் திறந்து தேடியது. பாட்டிலை வைத்தாள். ஒரு மடக்கு, கொஞ்சம் மூச்சு, இன்னொரு மடக்கு. தங்கை முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள்.

விழுங்கும் சத்தம் வாசலில் நின்ற மூக்கனுக்குக் கேட்டது. அவன் கால் தானாக உள்ளே வந்தது.

"அங்கேயே நில்லுங்க. இந்தச் சட்டையோட வராதீங்க," என்றாள் அக்காக்காரி.

அவன் நின்றான். வராந்தாவின் கோடியில் இருந்த குழாய்க்குப் போய்ச் சட்டையைக் கழற்றி எறிந்தான். சோப்பு வாங்கி வந்து கை, கழுத்து, மார்பு, தலை எல்லாம் தோல் சிவக்கத் தேய்த்தான். நர்ஸிடம் கேட்டு ஆஸ்பத்திரி அங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டான். தான் சுத்தமாகிவிட்டோமா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவனிடம் எதுவும் இல்லை. பிள்ளையைத் தூக்க வேண்டுமானால் இனி வாழ்நாள் முழுக்க இன்னொருவரைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் உண்மையைச் சொல்கிறவள் அவனுக்குத் தெரிந்து ஒருத்திதான் இருந்தாள்.

திரும்பி வந்து, அவளுக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்க," என்றான்.

அவள் குழந்தையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டு, அந்தக் கைகளின் அருகே முகத்தைக் கொண்டுபோனாள். இரக்கமும் இல்லை, ஏளனமும் இல்லை. நன்றாக இழுத்து மோந்தாள்.

"இன்னும் போகலை."

அவன் தலையாட்டிவிட்டு மறுபடியும் குழாய்க்குப் போனான்.